வாசகர் கேள்வி–பதில்: லிஸ்ப் மொழிக்கு நாமே ஓர் இன்டர்பிரிட்டர்

பழைய கணினி மொழி ஒன்றுக்கு இன்டர்பிரிட்டர், அதாவது அந்த மொழியில் எழுதிய நிரலைப் படித்து இயக்கும் மென்பொருள், எழுதுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஐந்துக்கு இங்கே விடை தரப்படுகிறது. முதல் கேள்விக்கான விடையே மற்ற நான்குக்கும் அடிப்படை என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 1970-க்கு முன் தோன்றிய மொழி ஒன்றுக்கு இன்டர்பிரிட்டர் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பைதான் நன்றாகத் தெரியும். கம்பைலர் பாடத்தில் படித்த இலக்கண அட்டவணைகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. ஃபோர்ட்ரான், கோபோல், பேசிக், லிஸ்ப் ஆகியவற்றுள் எதை எடுத்துக்கொள்ளலாம்? எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தயங்காமல் லிஸ்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் மோசமான மொழிகள் என்பதால் இதைச் சொல்லவில்லை. ஒரு மொழியை இயக்குவது என்றால் என்ன என்னும் கேள்விக்கு நேராக இட்டுச் செல்வது லிஸ்ப்தான். மற்றவற்றில் அந்தக் கேள்வியை அடைவதற்குள் எழுத்துகளைப் பிரித்துப் படிக்கும் வேலையிலேயே உங்கள் ஆர்வம் வடிந்துவிடும்.

ஃபோர்ட்ரானையே பாருங்கள். ஐபிஎம் 704 கணினிக்காக 1957-இல் வெளிவந்த அந்த மொழியில் சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளி கணக்கில் வராது. ‘டூ 10 ஐ = 1,5’ என்று எழுதினால் அது ஒன்று முதல் ஐந்து வரை சுழலும் மடக்கின் தொடக்கம்; காற்புள்ளியை எடுத்துவிட்டு ‘டூ 10 ஐ = 1.5’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் ‘டூ10ஐ’ என்ற பெயருள்ள மாறியில் ஒன்றரை என்ற மதிப்பை இடும் கட்டளை. ஒரு வரியின் வகையை அறிவதற்கே வரியின் பிற்பகுதி வரை போய்த் திரும்ப வேண்டும். கோபோலில் ஒதுக்கப்பட்ட சொற்களே நூற்றுக்கணக்கில் உண்டு. பேசிக் எளியது, டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கி 1964 மே 1 அன்று முதன்முதலாக இயக்கிய அந்த மொழியை இரண்டாவது முயற்சியாக வைத்துக்கொள்ளலாம். வரி எண்களின் வரிசையில் கட்டளைகளை அடுக்கிவைத்து ஒவ்வொன்றாக இயக்குவதும், குறிப்பிட்ட எண்ணுக்குத் தாவச் சொன்னால் தாவுவதுமே அதன் பெரும்பகுதி வேலை என்பதால், செயற்கூறு (மதிப்புகளை வாங்கி ஒரு விடை தரும் நிரல் பகுதி) என்றால் என்ன, ஒரு பெயர் எந்த மதிப்பைக் குறிக்கிறது என்ற ஆழமான கேள்விகள் அதில் அதிகம் எழுவதில்லை.

லிஸ்ப்பின் கதை வேறு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தி 1958-இல் அதன் வேலையைத் தொடங்கினார். 1960 ஏப்ரலில் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அந்த மொழியில் எழுதப்பட்ட எந்தக் கோவையையும், அதாவது மதிப்புக் காண வேண்டிய எந்தத் தொடரையும், எடுத்து அதன் மதிப்பைக் கண்டுபிடிக்கும் ஒரு செயற்கூறை அந்த மொழியிலேயே எழுதிக் காட்டினார். கணிதக் கருத்து ஒன்றை விளக்குவதற்காக எழுதப்பட்ட அது ஒரு பக்க அளவுக்கு மேல் போகாது. அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ரஸ்ஸல் அதைப் பார்த்துவிட்டு, இதையே 704-இன் இயந்திர மொழியில் எழுதினால் லிஸ்ப் ஓடுமே என்றார். இது படிப்பதற்கு எழுதியது, ஓட்டுவதற்கு எழுதியதல்ல என்பதே மெக்கார்த்தியின் முதல் எண்ணமாக இருந்தது. ரஸ்ஸல் கையோடு அதை எழுதி முடித்தார், லிஸ்ப்புக்கு இன்டர்பிரிட்டர் கிடைத்துவிட்டது. நீங்கள் செய்யப்போவதும் ரஸ்ஸல் செய்த அதே வேலைதான். அவருக்கு இயந்திர மொழி, உங்களுக்குப் பைதான்.

இனி வேலைக்கு வருவோம். லிஸ்ப்பில் எழுதப்படும் எதுவும் இரண்டே வகை: ஒன்று அணு, அதாவது ஓர் எண்ணோ ஒரு பெயரோ, மற்றது அடைப்புக்குறிகளுக்குள் அமைந்த பட்டியல். ஆகவே, எழுத்துச் சரத்தை வாங்கி, திறக்கும் அடைப்பைக் கண்டால் புதிய பட்டியலைத் தொடங்கி, மூடும் அடைப்பைக் கண்டால் அதை முடித்துத் தரும் ஒரு சிறிய படிப்பான் போதும். பைதானில் அது இருபது வரியைத் தாண்டாது. இலக்கண அட்டவணைகள் மறந்துவிட்டன என்று வருந்தியிருக்கிறீர்கள், அவை இங்கே தேவையே இல்லை.

அடுத்தது உயிர்நாடியான ‘மதிப்பிடு’ என்னும் செயற்கூறு. அது ஒரு கோவையையும் ஒரு சூழலையும் வாங்கிக்கொள்ளும். சூழல் என்பது எந்தப் பெயருக்கு எந்த மதிப்பு என்று குறித்து வைத்த அட்டவணை. கோவை எண்ணாக இருந்தால் அதையே விடையாகத் தந்துவிடும். பெயராக இருந்தால் சூழலில் தேடி அதன் மதிப்பைத் தரும். பட்டியலாக இருந்தால், முதல் உறுப்பு முதல் கடைசி உறுப்பு வரை ஒவ்வொன்றையும் தானே மறுபடி மதிப்பிட்டு, முதலில் கிடைத்த செயற்கூறை மற்ற மதிப்புகளுடன் ‘செயல்படுத்து’ என்னும் இன்னொரு செயற்கூறிடம் ஒப்படைக்கும்.

(+ 2 (* 3 4)) என்ற கோவையைத் தாளில் எழுதி விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். வெளியே உள்ளது மூன்று உறுப்புப் பட்டியல். + என்ற பெயரைச் சூழலில் தேடினால் பைதானின் கூட்டல் கிடைக்கிறது. 2 தன்னையே தருகிறது. மூன்றாவது உறுப்பு மறுபடியும் ஒரு பட்டியல் என்பதால் ‘மதிப்பிடு’ தன்னைத் தானே அழைத்து, அங்கே பெருக்கலையும் 3-ஐயும் 4-ஐயும் பெற்று 12 என்று திரும்புகிறது. இப்போது கூட்டல் 2-ஐயும் 12-ஐயும் வாங்கி 14 தருகிறது. இந்த ஒரு நடையைக் கையால் செய்துவிட்டுத்தான் நிரல் எழுத உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ‘மதிப்பிடு’ ‘செயல்படுத்து’வை அழைப்பதும், நாம் வரையறுத்த செயற்கூறின் உடலை மதிப்பிட ‘செயல்படுத்து’ மறுபடி ‘மதிப்பிடு’வை அழைப்பதும் கண்ணுக்குப் பழகிவிட்டால், மீதி எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையே நடப்பதுதான்.

இணையத்தில் முழு நிரலும் ஆயத்தமாகக் கிடைக்கும். முதல் முறை அதைப் பார்க்காதீர்கள். இரண்டு விடுமுறை நாள்களில் கணக்குப் போடும் அளவுக்கு வந்துவிடும். அதன் பிறகு வரும் பிழைகளைத் திருத்த ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: பள்ளியில் கணினி கற்பிக்கிறேன். மாணவர்களுக்காக லிஸ்ப் போன்ற ஒரு சிறு மொழியைப் பைதானில் எழுதி, அதன் சொற்களைத் தமிழில் வைத்தேன். ‘வரையறு’ வேலை செய்யவில்லை. ‘எனில்’ என்று எழுதினால் ‘என’, ‘ல’ என்று இரண்டாக உடைகிறது. ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காக இயங்குகின்றன. பைதான் தமிழை ஏற்காதா?
– ஆசிரியர், ஈரோடு

பதில்: பைதான் தமிழை ஏற்கும், நீங்கள் சொற்களைப் பிரித்த முறையில்தான் சிக்கல். எழுத்துகளும் எண்களும் தொடர்ச்சியாக வரும் இடத்தை ஒரு சொல் என்று பிடிக்கும் வாய்பாட்டை (regular expression) பயன்படுத்தியிருப்பீர்கள். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் யூனிகோட் தரத்தில் எ, ன, ல ஆகியவை எழுத்துகள். ஆனால் இகரக் குறியும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகையில் சேராமல், முன்னுள்ள எழுத்தோடு ஒட்டும் ‘குறி’ என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. பைதானின் வாய்பாட்டு நூலகம் அவற்றைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே ‘என’ வரை வந்து, இகரக் குறியில் நின்று, ‘ல’வைத் தனியாக எடுத்து, புள்ளியை உதறிவிடுகிறது. ‘வரையறு’ என்பதிலும் ஐகாரக் கொம்பும் உகரக் குறியும் இதே போல உதிர்ந்துபோகின்றன.

லிஸ்ப்பில் இதற்கு விடை எளிது. எது சொல் என்று வரையறுக்க முயலாமல், எது சொல்லை முடிக்கும் என்று மட்டும் கேளுங்கள். இடைவெளி, வரி முடிவு, திறக்கும் அடைப்பு, மூடும் அடைப்பு ஆகிய இவை தவிர வேறு எது வந்தாலும் அது நடப்புச் சொல்லின் பகுதி. இவ்வாறு எழுதினால் + , * போன்ற குறிகளும் பெயர்களாகவே அமைந்துவிடும். தனி விதி தேவைப்படாது.

இன்னொன்றையும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். ‘கொ’ என்பதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் வைக்கலாம்; ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வெவ்வேறு. ஒரு மாணவர் ஒரு விசைப்பலகையில் வரையறுத்த பெயரை இன்னொருவர் வேறொரு விசைப்பலகையில் தட்டும்போது ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று பிழை வந்தால் வகுப்பே குழம்பிப்போகும். நிரலைப் படித்தவுடன் இத்தகைய இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் செய்யும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இராது.

கேள்வி: என் இன்டர்பிரிட்டரில் காரணீயப் பெருக்கத்துக்கான (3-க்கு 3 × 2 × 1 என்பது போல) நிரலை, செயற்கூறை உருவாக்கும் ‘லாம்டா’ என்ற சொல்லைக் கொண்டு இப்படி எழுதினேன்: (வரையறு காரணீயம் (லாம்டா (எ) (எனில் (= எ 0) 1 (* எ (காரணீயம் (- எ 1)))))). 3-க்குக் கேட்டால்கூட, தற்சுழற்சி (ஒரு செயற்கூறு தன்னையே மறுபடி அழைப்பது) வரம்பு மீறிவிட்டது என்று பைதான் நின்றுவிடுகிறது. நிரலைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன், தவறு தெரியவில்லை.
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: நிரலில் தவறில்லை. ‘எனில்’ என்பதை நீங்கள் கூட்டலையும் பெருக்கலையும் போல ஒரு சாதாரணச் செயற்கூறாக அட்டவணையில் சேர்த்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் முதன்முதலில் எழுதியபோதும் இதையே செய்துவிட்டு, ஒரு மாலைப்பொழுது முழுவதும் காரணீய நிரலின் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் ‘மதிப்பிடு’ தொடங்கும் இடத்தில், வாங்கிய கோவையை அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. எ-யின் மதிப்பு 3, 2, 1, 0 என்று இறங்கி, நிற்காமல் –1, –2 என்று போய்க்கொண்டே இருந்தது.

காரணம் இதுதான். சாதாரணச் செயற்கூறை அழைப்பதற்கு முன் அதன் எல்லா உறுப்புகளும் மதிப்பிடப்பட்டுவிடும். எ பூச்சியம் ஆன பிறகும், விடை 1 என்று தேர்வதற்கு முன்பாகவே மூன்றாவது கிளையும் மதிப்பிடப்படுகிறது. அந்தக் கிளையில் காரணீயம் மறுபடி அழைக்கப்படுகிறது. அந்த அழைப்பிலும் இதே கதை. நிற்க வேண்டிய இடத்தை நிரல் அறிந்திருக்கிறது, ஆனால் அறிவதற்குள் அதைக் கடந்துவிடுகிறது.

ஆகவே ‘மதிப்பிடு’ ஒரு பட்டியலைக் கண்டதும், உறுப்புகளைத் தொடுவதற்கு முன்பாக முதல் உறுப்பின் பெயரைப் பார்க்க வேண்டும். ‘எனில்’ என்றால் நிபந்தனையை மட்டும் மதிப்பிட்டு, அதன் விடைக்கேற்ற ஒரே ஒரு கிளையை மதிப்பிட வேண்டும். ‘லாம்டா’ என்றால் எதையும் மதிப்பிடாமல் செயற்கூறை உருவாக்கித் தர வேண்டும். ‘வரையறு’ என்றால் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு மதிப்பை மட்டும் கணக்கிட வேண்டும். ‘மேற்கோள்’ என்றால் உள்ளே இருப்பதைத் தொடாமல் அப்படியே தர வேண்டும். சிறப்பு வடிவங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். எந்த உறுப்பு, எப்போது மதிப்பிடப்படும் என்பது மொழியின் பொருளிலேயே சேர்ந்தது என்பதை இந்த ஒரு பிழையைப் போல வேறெதுவும் எனக்குக் கற்பித்ததில்லை.

கேள்வி: பட்டியலின் முதல் உறுப்பைத் தருவதற்குக் ‘கார்’ என்றும் மீதியைத் தருவதற்குக் ‘குடர்’ என்றும் லிஸ்ப்பில் ஏன் பெயர் வைத்தார்கள்? குப்பை சேகரிப்பையும், அதாவது இனித் தேவைப்படாத நினைவக இடங்களை மீட்டெடுக்கும் வேலையையும், நாமே எழுத வேண்டுமா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை

பதில்: ஐபிஎம் 704-இன் ஒரு நினைவகச் சொல் 36 பிட் நீளம் கொண்டது. அதில் முகவரிப் பகுதி 15 பிட், டிக்ரிமென்ட் எனப்பட்ட பகுதி 15 பிட். மீதி ஆறு பிட்டுகள் மூன்று மூன்றாக வேறு இரண்டு பகுதிகளுக்குப் போயின. 15 பிட்டில் 32,768 இடங்களைச் சுட்ட முடியும் என்பதால், ஒரே சொல்லில் இரண்டு முகவரிகளை வைத்துக்கொள்ள அந்த இயந்திரம் வசதியாக அமைந்துவிட்டது. முகவரிப் பகுதியில் உள்ளதை எடுப்பது கார், டிக்ரிமென்ட் பகுதியில் உள்ளதை எடுப்பது குடர். அந்த இயந்திரம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் பெயர்கள் நிலைத்துவிட்டன.

குப்பை சேகரிப்பைப் பைதானில் எழுதுபவர் கவனிக்க வேண்டியதில்லை, பைதானே பார்த்துக்கொள்ளும். மெக்கார்த்தி குழுவுக்கு அந்த வசதி இல்லை. காலியான சொற்களின் பட்டியல் தீர்ந்ததும், இன்னும் பயன்பாட்டில் உள்ளவற்றைக் குறித்துக்கொண்டு மீதியை மீட்டெடுக்கும் முறையை அவர்களே உருவாக்கினார்கள். ஒருமுறை மீட்டெடுக்கச் சில விநாடிகள் ஆனதாக 1960 கட்டுரையே சொல்கிறது. சி மொழியில் எழுதுவதானால் நீங்களும் அதைச் செய்ய நேரிடும்.

கேள்வி: (வரையறு கூட்டி (லாம்டா (அ) (லாம்டா (ஆ) (+ அ ஆ)))) என்றும், (வரையறு ஐந்துகூட்டி (கூட்டி 5)) என்றும் எழுதிவிட்டு (ஐந்துகூட்டி 3) என்று கேட்டால், ‘அ’ என்ற பெயர் இல்லை என்று பிழை வருகிறது. சோதனைக்காக (வரையறு அ 100) என்று சேர்த்தேன். இப்போது 103 என்கிறது! 8 அல்லவா வர வேண்டும்? இது சரியான பின், (வரையறு தொகு (லாம்டா (எ விடை) (எனில் (= எ 0) விடை (தொகு (- எ 1) (+ விடை எ))))) என்ற நிரலுக்கு 50,000 கொடுத்தாலும் நிற்காமல் ஓட வைக்க வழி உண்டா?
– பட்டதாரி மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: 8-தான் வர வேண்டும். நீங்கள் சந்தித்திருப்பது லிஸ்ப்பின் வரலாற்றிலேயே புகழ்பெற்ற பிழை. முதல் இன்டர்பிரிட்டரிலும் இது இருந்தது.

(கூட்டி 5) இயங்கும்போது ‘அ’வுக்கு 5 என்று குறித்த ஒரு சிறு அட்டவணை உருவாகிறது. அதற்குள் பிறந்த உள் லாம்டா விடையாக வெளியே வருகிறது. அட்டவணையை நீங்கள் அங்கேயே விட்டுவிட்டீர்கள். பிறகு (ஐந்துகூட்டி 3) இயங்கும்போது, ‘அ’ என்ன என்று அழைத்த இடத்தின் சூழலில் தேடுகிறீர்கள். அங்கே இல்லையென்றால் பிழை. தற்செயலாக 100 இருந்தால் 103. ஒரு செயற்கூறின் பொருள் அதை அழைப்பவரைப் பொறுத்து மாறிப்போகிறது.

திருத்தம் ஒரு வரிதான், ஆனால் அது இருக்க வேண்டிய இடம் முக்கியம். ‘லாம்டா’வை மதிப்பிடும்போது உறுப்புப் பெயர்கள், உடல் ஆகிய இரண்டோடு, அந்த நொடியில் நடப்பில் உள்ள சூழலையும் மூன்றாவதாகச் சேர்த்துக் கட்டி வையுங்கள். ‘செயல்படுத்து’ புதிய அட்டவணையை உருவாக்கும்போது அதன் தாயாக அழைத்தவரின் சூழலை வைக்காமல், கட்டி வைத்த அந்தச் சூழலை வையுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் தாய் அட்டவணையில் தேடும் வழக்கம் அப்படியே இருக்கட்டும்.

மெக்கார்த்தி இதை ஒரு சாதாரணப் பிழை என்றே கருதினார். ரஸ்ஸல் ஃபனார்க் என்னும் ஏற்பாட்டின் மூலம், செயற்கூறோடு அதன் சூழலையும் சேர்த்து அனுப்ப வழி செய்தார். ஆனாலும் பல லிஸ்ப்கள் நெடுங்காலம் பழைய வழக்கத்தையே பின்பற்றின. 1975-இல் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கீம் என்னும் லிஸ்ப் வகைதான், பிறந்த இடத்துச் சூழலே செயற்கூறின் சூழல் என்பதை மொழியின் அடிப்படையாகவே வைத்தது. ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தியின் லிஸ்ப்பில் இந்த வசதி விருப்பத் தேர்வாகச் சேர்ந்ததே 2012-இல்தான். எனவே இந்தப் பிழையில் மாட்டியதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி. பைதான் இயல்பாக அனுமதிக்கும் அழைப்பு ஆழம் 1,000. உங்கள் மொழியின் ஓர் அழைப்புக்குப் பைதானில் இரண்டு மூன்று அழைப்புகள் செலவாவதால் சில நூறு சுற்றுகளிலேயே அது தீர்ந்துவிடும். வரம்பை உயர்த்தினால் நின்றுபோகும் இடம் சற்றுத் தள்ளிப்போகுமே தவிர, நிற்காமல் இராது.

உங்கள் ‘தொகு’வைக் கூர்ந்து பாருங்கள். உள்ளே வரும் அழைப்பு முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை எதுவும் மீதி இல்லை. அதன் விடையே மொத்த விடை. திரும்பி வர வேண்டிய தேவை இல்லாதபோது, திரும்பும் இடத்தை ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும்? ‘மதிப்பிடு’வின் உடல் முழுவதையும் முடிவில்லா மடக்கு ஒன்றுக்குள் வையுங்கள். ‘எனில்’ வந்தால், தேர்ந்த கிளையை மதிப்பிடத் தன்னையே அழைக்காமல், நடப்புக் கோவையின் இடத்தில் அந்தக் கிளையை வைத்துவிட்டு மடக்கின் தலைக்குத் திரும்புங்கள். நாம் வரையறுத்த செயற்கூறை அழைக்கும்போதும், உறுப்புகளை மதிப்பிட்டுப் புதிய அட்டவணையை உருவாக்கிய பின், கோவையின் இடத்தில் உடலையும் சூழலின் இடத்தில் புதிய அட்டவணையையும் வைத்து, அதே போல மடக்கின் தலைக்குத் திரும்புங்கள். மேலே பார்த்த காரணீயத்துக்கு இது உதவாது. அங்கே உள் அழைப்பு திரும்பி வந்த பிறகு எ-யால் பெருக்கும் வேலை காத்துக்கொண்டிருக்கிறது. அதையும் ‘தொகு’வைப் போல, இதுவரை சேர்ந்த விடையை ஓர் உறுப்பாகக் கொண்டு செல்லும்படி மாற்றி எழுதினால் பொருந்தும்.

இந்த மாற்றங்களைச் செய்துவிட்டு (ஐந்துகூட்டி 3) என்று முதலில் கேளுங்கள். ‘அ’வுக்கு வெளியே 100 இருந்தாலும் 8 வர வேண்டும். அடுத்து (தொகு 50000 0) என்று கேளுங்கள். 1250025000 என்று வர வேண்டும்.